மே மாதத்தில் காரைக்காலில் ஓர் ஒயின் விருந்து: பட்டுத் தெரிந்துகொண்டவை

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காரைக்காலில் எங்கள் வீட்டு முற்றத்தில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் உட்கார்ந்து ஒயின் ருசி பார்த்தோம். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு நான் ஒரு சோதனைச் சாவடியின் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தேன். மொத்தச் செலவு 26,110 ரூபாய். கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது. பணம் போனதை ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் பழகிய ஒரு குடும்பத்தை நடு ரோட்டில் நிறுத்திவிட்டோமே என்பது மட்டும் இன்றைக்கும் மனதில் கிடந்து உறுத்துகிறது. நம் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு விருந்து வைக்க நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காரைக்காலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரியின் கிளையான அரசலாறு கடலில் சேரும் ஊர் இது. சுற்றிலும் தமிழ்நாடு, நாங்கள் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். அதனால் இங்கே பல குடும்பங்களில் ஒருவராவது பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் இருப்பார். என் கணவரின் தம்பி அப்படித்தான். நானும் கல்யாணமான புதிதில் ஆறு வருடம் அங்கே இருந்தேன். அக்கம்பக்கத்தார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கைந்து பாட்டில் திறந்து, ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றி, இதில் எலுமிச்சை வாசம், இதில் மிளகு வாசம் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். யாரும் போதைக்காகக் குடிப்பதில்லை. அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒயின் என்றாலே ஒயின் ஷாப் ஞாபகம் வரும் நம் ஊரில், அதற்கு இன்னொரு முகமும் உண்டு என்று நண்பர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். கொழுந்தனாரும் ஓரகத்தியும் லீவுக்கு வருகிறார்கள் என்றதும் நாள் குறித்துவிட்டேன். என் கணவர் வேலை காரணமாகக் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனது. தள்ளிவைத்திருக்கலாம். நான் தள்ளிவைக்கவில்லை.

முதல் தப்பு, எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போடாதது. இங்கே கடையில் ஆறு இந்திய பாட்டில் வாங்கினேன், எல்லாம் நாசிக், பெங்களூர்ப் பக்கத்துச் சரக்கு, 7,400 ரூபாய். கொழுந்தனாரும் ஓரகத்தியும் ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுவந்தார்கள். ஆக பத்து. ஒரு பாட்டில் 750 மில்லி. ருசி பார்க்க ஆளுக்கு 50 மில்லி போதும். அப்படி ஊற்றினால் ஒரு பாட்டில் பதினைந்து பேருக்கு வரும். பதினொரு பேருக்கு ஐந்து வகை, வகைக்கு ஒரு பாட்டில் தாராளம். அப்போதுகூட ஆளுக்குக் கால் லிட்டர் ஆகிறது, அதுவே குறைவில்லை. நான் பத்தை வைத்துக்கொண்டு, குறைந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற மனசு அது. மிஞ்சிய பாட்டில்கள்தான் கடைசியில் சாவடி வரை என்னை இழுத்துக்கொண்டு போயின.

அடுத்தது சூடு. கொழுந்தனார் சென்னையில் இறங்கிக் காரில் வந்தார்கள். வழியில் சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்து, சாப்பிட்டு, வெயில் தாழட்டும் என்று ஒரு லாட்ஜில் படுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அந்த நான்கு மணி நேரமும் பாட்டில்கள் கார் டிக்கியில். மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் இரும்புப் பொருளைத் தொட முடியாது, உங்களுக்கே தெரியும். நான் வாங்கிய ஆறு பாட்டில்களையும் பரணில் போட்டு வைத்திருந்தேன், மொட்டை மாடிக்கு நேர் கீழே, இரண்டு வாரம். ஒயினுக்கு 12, 14 டிகிரி இருக்கும் இருட்டு இடம்தான் சரி. 25-க்கு மேல் போனால் அது வேகமாகக் கிழடு தட்டும்; 30-ஐத் தாண்டிக் கிடந்தால் வெந்தே போகும். சூட்டில் உள்ளிருக்கும் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். பாட்டில் வாய்க்கு மேல் கார்க் லேசாகப் புடைத்திருந்தாலோ, மேலே சுற்றிய தாளுக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ அது வெந்த பாட்டில் என்று சந்தேகப்படலாம். பிரான்சிலிருந்து வந்த நான்கில் மூன்று அப்படித்தான் இருந்தன. நான் பார்த்தேன், பார்த்தும் அது என்ன என்று புரியவில்லை. பாட்டிலை வாங்கிய அன்றே வீட்டில் ஏசி ஓடும் அறை எதுவோ அங்கே, கட்டிலுக்கு அடியில், துணியில் சுற்றிப் படுக்கவைத்துவிடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்று எல்லாரும் சொல்வார்கள். அது எந்த ஊர் அறை? குளிர் நாட்டுக் கல்வீட்டு அறை, 16, 18 டிகிரி. எங்கள் முற்றத்தில் அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கும் 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை மூக்கருகே கொண்டுபோனால் சாராய நெடிதான் முதலில் ஏறும். பழ வாசம் எல்லாம் அதன் அடியில் அமுங்கிவிடும். நம் ஊரில் சிவப்பைக்கூட ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரமாவது வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளை 8-லிருந்து 12, நுரைக்கிறது 6-லிருந்து 8. நான் வெள்ளையை மட்டும் குளிரவைத்தேன். அதற்கும் இடம் போதவில்லை, ஃபிரிட்ஜ் முழுக்க நண்டும் இறாலும். ஐஸ் பிளாண்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் பாளம் 250 ரூபாய்க்கு வாங்கி, உடைத்து அண்டாவில் கொட்டி, பாட்டில்களை அதில் புதைத்தேன். பாட்டில் குளிர்ந்தது, கழுத்தெல்லாம் கவிச்சி வாடை. ஊற்றும்போது அந்த வாடை கிளாசுக்கு மேலேயே மிதந்தது. குடிக்கிற தண்ணீரில் செய்த ஐஸ் வாங்குங்கள். வெறும் ஐஸ் போடாமல் பாதி தண்ணீரும் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் சேர்த்தால் அரை மணி நேரத்தில் பாட்டில் ஜில்லென்று ஆகிவிடும். இதைப் பிறகுதான் கற்றேன்.

ஏழரைக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறி ஓடியது, அவ்வளவுதான். கொசு வந்தது. கொசுவர்த்தி கொளுத்தினேன். அதே நேரம் அத்தை வழக்கம்போல் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டார்கள். வந்த பெண்கள் நான்கு பேரும் தலை நிறைய மல்லி. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஜவ்வாது தடவி வந்திருந்தார். அடுப்பில் மிளகு நண்டு. இதில் ஒவ்வொன்றும் நல்ல வாசம், ஒவ்வொன்றும் எனக்குப் பிடித்த வாசம். ஆனால் ருசி பார்ப்பதில் பெரும்பங்கு மூக்குதான் செய்கிறது. ஒயினில் இருக்கும் பூ வாசத்தைக் கண்டுபிடி என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவர் தலையில் இரண்டு முழம் மல்லியை விட்டால் என்ன தெரியும்? அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: அன்று பூ, செண்ட், அத்தர் வேண்டாம். சமையலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் மின்விசிறியை வேகமாக வையுங்கள், இல்லை என்றால் கொசுவலை அடித்த அறையில் உட்காருங்கள். சாம்பிராணியை அத்தையிடம் கேட்டுக் காலையில் போட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

இப்போது கிளாஸ் விஷயம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருபத்து நான்கு புது கிளாஸ், ஒன்று 190 ரூபாய், மொத்தம் 4,560. காலையில் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, ஈரம் சரியாகக் காயாமல், வந்த அட்டைப்பெட்டியிலேயே கவிழ்த்து வைத்தேன், தூசி படாதே என்று. கொழுந்தனார் கொண்டுவந்ததில் நல்ல பாட்டில் ஒன்றே ஒன்று; வெயிலில் தப்பியதும் அது ஒன்றுதான், 36 யூரோ. ஊற்றி முகர்ந்தவர் முகம் மாறியது. “அண்ணி, இது கெட்டுப்போச்சு. கார்க் வாடை அடிக்குது” என்றார். கார்க்கில் டிசிஏ என்று ஒரு சேர்மம் உண்டாவது உண்டு. துளியிலும் துளி இருந்தாலும் மூக்குக்குத் தெரியும், ஈரமான அட்டை வாடை, நனைந்து காயாத கோணி வாடை. நானும் முகர்ந்து பார்த்தேன், அதே ஈர அட்டைதான். இரண்டு பேரும் பெரிய மனசோடு முழு பாட்டிலையும் முற்றத்து ஜலதாரையில் ஊற்றினோம். மறுநாள் காலை, யாரும் தொடாத ஒரு கிளாசைப் பெட்டியிலிருந்து எடுத்து எதேச்சையாக முகர்ந்தேன். அதே வாடை. ஒயினில் குற்றமே இல்லை, கிளாஸ் பெட்டியின் வாடையைப் பிடித்திருக்கிறது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கிளாசை வெந்நீரில் மட்டும் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து, வாய் மேலே பார்க்கத் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாசை முகர வேண்டும். ஒரு பாட்டில் கெட்டது என்று தோன்றினால் வேறொரு கிளாசில், முடிந்தால் வீட்டு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி இன்னொரு முறை பாருங்கள். கீழே கொட்ட எப்போதும் நேரம் இருக்கிறது.

கொழுந்தனாருக்கு ஓர் ஆசை இருந்தது. 1976 மே 24 அன்று பாரிசில் பாட்டில்களை மறைத்து வைத்து ஒரு ருசிப் போட்டி நடந்தது. தீர்ப்பு சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னிய ஒயின்தான் முதலிடம் பிடித்தது. அதுபோல் நாமும் இந்திய ஒயினையும் பிரெஞ்சு ஒயினையும் பேப்பரில் சுற்றி எண் போட்டு வைப்போம் என்றார். வைத்தோம். ஏழு பேர் இந்திய வெள்ளைக்குக் கை தூக்கினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. கொழுந்தனார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவர் ஊற்றியது டிக்கியில் வெந்தது. உலர் திராட்சையைக் கொதிக்கவைத்த மாதிரி இருந்தது. பரணில் கிடந்தாலும் என்னுடையவை அந்த அளவுக்குப் போகவில்லை. அவர் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்ததை ஊர் முன்னால் தோற்கடித்த மாதிரி ஆகிவிட்டது. போட்டி நல்ல விளையாட்டுதான், மறைத்து வைத்தால் பெயரைப் பார்த்து யாரும் தலையாட்ட மாட்டார்கள். ஆனால் அதற்கு முன் வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலையும் தனியாகத் திறந்து ஒரு மடக்கு பார்த்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு 6,300 ரூபாய், புதுச்சேரியிலிருந்து வரவழைத்த சீஸுக்கு 2,600. சிவப்பு ஒயினோடு மிளகு நண்டு வைத்தேன். அடர்ந்த சிவப்பில் துவர்ப்பு அதிகம், கொட்டைப்பாக்கு மெல்லும்போது நாக்கு இழுக்குமே அந்தத் துவர்ப்பு. காரத்தோடு அதுவும் மதுவின் எரிச்சலும் சேர்ந்தால் வாய் பற்றிக்கொள்ளும். மீனோடு சிவப்பு சேர்ந்தால் இன்னொரு தொல்லை, வாயில் இரும்பு மாதிரி ஒரு கவிச்சி. சில சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. வஞ்சிரம் வறுவலைக் கடித்து ஒரு மடக்கு குடித்த ஒரு தம்பி, பழைய மீனா அக்கா என்று கேட்டே விட்டான். காலையில் கரையில் வாங்கிய மீன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று ஒத்துப்போனது எது தெரியுமா? லேசாக இனிக்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளையோடு தேங்காய்ச் சட்னி தொட்ட மெதுவடை. மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட இறாலும் அதற்கு நன்றாகப் போனது. காரத்துக்கு இனிப்புச் சாயல் உள்ள, மது குறைந்த வெள்ளைதான் துணை. நடுவில் வாயைச் சுத்தம் செய்ய ரொட்டி தேட வேண்டியதில்லை, உப்பில்லாத பொரி போதும். கடைசியில் திருவையாற்று அசோகா கொடுத்தேன், அது தப்பு. ஒயினைவிடப் பலகாரம் இனிப்பாக இருந்தால் ஒயின் புளிக்கும். அசோகாவைத் தனியாகச் சாப்பிட வேண்டும், அதற்கு யாரும் துணை வேண்டாம்.

ருசி பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்புவதுதான் முறை. அதற்காக அத்தை வீட்டுப் பழைய பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து நடுவில் வைத்தேன். ஒருவரும் துப்பவில்லை. பெரியவர்கள் எதிரில், அதுவும் கொடுத்ததைத் துப்புவதா என்று கூச்சம். கும்பகோணத்திலிருந்து வந்த சித்தப்பா மட்டும் படிக்கத்தைப் பயன்படுத்தினார், வெற்றிலை போட்டுத் துப்ப. வெற்றிலைக்குப் பிறகு நாக்கில் எதுவும் ஏறாது, அதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மூடி போட்ட சிறு டம்ளர் கொடுத்து, முதல் மடக்கை நானே துப்பிக் காட்டியிருந்தால் கூச்சம் போயிருக்கும். எல்லாரும் விழுங்கினதில் ஆறாவது பாட்டிலிலேயே குரல்கள் உயர்ந்துவிட்டன. இரண்டு பேர் பழைய நிலத் தகராறை எடுத்துக்கொண்டார்கள். மெத்தை விரிப்பில் சிவப்பு கொட்டியது, வெளுக்க 1,400. ஒன்பது கிளாஸ் உடைந்தது. வாடகை நாற்காலி 600. சித்தப்பாவையும் இன்னொருவரையும் கும்பகோணத்தில் கொண்டுபோய் விட ஆக்டிங் டிரைவருக்கு 3,000. இந்தக் கடைசிச் செலவு ஒன்றை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மது தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். அது மிகக் குறைவான அளவு. துப்பாமல் ஐந்து வகை பார்த்தவர் சாவியைத் தொடக் கூடாது. டிரைவரை விருந்தன்று ராத்திரி தேடாதீர்கள், அழைப்புச் சொல்லும்போதே பேசிவிடுங்கள்.

இனி சாவடி. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த அம்மா ஒரு துளி குடிக்கவில்லை, அவர்தான் கார் ஓட்டினார். கிளம்பும்போது திறக்காத இரண்டு பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு, வெற்றிலை பாக்கோடு நான்தான் கையில் திணித்தேன். ஆசிரியர், வேண்டாங்க, வேண்டாங்க என்றார். நான் விடவில்லை. வெறும் கையோடு அனுப்பிப் பழக்கமில்லை. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம் என்பது காரைக்காலில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று அது ஒயினாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது, சரக்காகத் தெரியவில்லை. எல்லையில் காரை நிறுத்திப் பையைப் பார்த்துவிட்டார்கள். போன் வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கார் ஓரம் நின்றார். ஆசிரியர் அரசுப் பணியில் இருக்கிறவர். வழக்கு என்று வந்தால் வேலை என்னாகும் என்ற பயம் அவர் முகத்தில். நான் கொடுத்தது, என் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பாட்டில்களைப் பறிமுதல் செய்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். எல்லோருக்கும் அப்படி விடுவார்கள் என்று நம்பி யாரும் இறங்காதீர்கள், வண்டியே போய்விடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் திறந்தது இந்தப் பக்கமே முடிய வேண்டும். மிஞ்சினால் உங்கள் ஃபிரிட்ஜில் வையுங்கள். திறந்த பாட்டிலும் மூடிவைத்தால் மூன்று நாள் தாங்கும். இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன்: செலவைப் பங்கு போட்டு விருந்தாளிகளிடம் பணம் வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் மது விற்றதாக அதை யாரும் சொல்லிவிட முடியும்.

அன்று வீடு திரும்பியபோது மணி ஒன்றரை. அத்தை தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மோர் கரைத்து வைத்திருந்தார்கள். அதைக் குடிக்கும்போதுதான் அழுதேன்.

பொங்கல் முடிந்த வாரம் மறுபடியும் வைத்தேன். இந்த முறை ஆறே பேர், எல்லாரும் காரைக்காலில் நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள். நான்கு பாட்டில், 4,300 ரூபாய். ராத்திரி பனி இறங்கியிருந்ததால் ஐஸே அதிகம் தேவைப்படவில்லை. பூ இல்லை, புகை இல்லை, பொரியும் வடையும் மட்டும். முதல் மடக்கை நான் துப்பினேன், பிறகு எல்லோரும் துப்பினார்கள். மஸ்கட் வகை வெள்ளை ஒன்று இருந்தது. அத்தை குடிக்கிறவர்கள் இல்லை. கிளாசை மட்டும் வாங்கி முகர்ந்துவிட்டு, “கம்பம் பன்னீர் திராட்சை வாசம்ல இது” என்றார்கள். பன்னீர் திராட்சையும் மஸ்கட் இனம்தான். அந்த வீட்டில் யாருக்கும் அதை அதற்குமுன் நான் சொன்னதில்லை.

ஆசிரியர் குடும்பத்தை அதற்குக் கூப்பிடவில்லை, கூப்பிட மனசு வரவில்லை. தீபாவளிக்கு மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அசோகா செய்து பஸ்ஸில் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தேன். பதில் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் அந்த டப்பா திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன், நிறைய முறுக்கு இருந்தது.